ஒரே பெயரில் இரண்டு வெப்பம்

மார்ச் 3
தலையை உடைத்துக்கொண்டு இன்றுதான் கண்டுபிடித்தேன். குறைமாதக் குழந்தைகளுக்காக நாங்கள் செய்யும் இன்குபேட்டர் பெட்டியில் நர்ஸ் வைக்கும் வெப்பத்துக்கும், உள்ளே உண்மையில் இருக்கும் வெப்பத்துக்கும் எங்கள் டீம் பையன் சோடாபுட்டி புரோகிராமில் ஒரே பெயர் வைத்திருக்கிறான். ஒன்றில் முதல் இங்கிலீஷ் எழுத்து கேபிடல், அவ்வளவுதான் வித்தியாசம். ஓரிடத்தில் அவனே மாற்றிப் போட்டுவிட்டான். உள்ளே சூடு ஏறினாலும் திரை நர்ஸ் வைத்த எண்ணையே காட்டும். திருத்தினோம். "கம்பைலர் ஒண்ணும் சொல்லலையேக்கா!" என்கிறான். மகராசன்.

மார்ச் 5
புரோகிராமைப் படித்து மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றும் கம்பைலரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சொல்ல வைத்துவிட்டேன். இனி குழப்புகிற மாதிரி இரண்டு பெயர் இருந்தால் எச்சரிக்கையாக மஞ்சள் வரி வரும். பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மார்ச் 9
மஞ்சள் வரிகள் ஆயிரக்கணக்கில்! முக்கால்வாசி வெட்டிக் கூச்சல். "இதுக்கு எங்க மாமியாரே தேவலைக்கா" என்றான் சோடாபுட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 10
மேனேஜர் கூப்பிட்டார். "எதுக்கெடுத்தாலும் கத்தினா யாரு காதுல வாங்குவா? அணைச்சிடுங்கம்மா. மாசக் கடைசில மெஷின் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."
"அதுல நாலஞ்சு நிஜமா இருக்கும் சார்."
"எந்த நாலஞ்சு?"
அவர் கேட்டதும் நியாயம்தானே?

மார்ச் 11
அணைத்தேன். என் கையாலேயே.

ஏப்ரல் 18
தங்கச்சிக்கு ஏழாம் மாதமே வலி. பெண் குழந்தை. இரண்டு கையில் அடங்கிவிடுவாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன் — பெட்டியின் ஓரத்தில் எங்கள் கம்பெனி ஸ்டிக்கர்.
சோடாபுட்டிக்கு போன் போட்டேன். "அதான் அந்த ஒண்ணை அப்பவே சரி பண்ணிட்டோமேக்கா."
அந்த ஒண்ணு. மத்தது? எத்தனை இருக்கு, எங்க இருக்கு — யாருக்குத் தெரியும்? தெரிஞ்சிருக்கலாம். அணைச்சுத் தொலைச்சேனே!

ஏப்ரல் 19
எச்சரிக்கையை மறுபடி போடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "போன மெஷின் போயாச்சு. விடுங்கம்மா."

ஏப்ரல் 20
தூக்கமில்லை.

ஏப்ரல் 21
கடையில் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போனேன். பெட்டிக்குள் வைக்கச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சினேன்.
"அதான் திரையிலேயே காட்டுதேம்மா. கண்டதையும் உள்ள வைக்கக் கூடாது."
சக்கர நாற்காலியில் இருந்த தங்கச்சி சிரித்தாள். பிரசவத்துக்கு அப்புறம் அவள் சிரித்தது இன்றுதான். "அக்கா எப்பவுமே இப்படித்தான் சிஸ்டர், சும்மாவே பயப்படுவா. ஏன்க்கா, இது உங்க கம்பெனி மெஷின்தானே? அப்புறம் என்ன பயம்?"
திரையைப் பார்த்தேன். முப்பத்தைந்து என்று காட்டியது. நர்ஸ் வைத்த எண்ணும் அதேதான்.
"ஆமா" என்றேன்.