காலை ஆறு மணிக்கு மைதானத்தில் யாரும் இல்லை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், அவசரப்பட்டு அங்கே தாவாமல் வரிசையாகப் படி. நீயும் மருமகளும் நன்றாக இருக்கிறீர்களா, அவளுக்கு முதுகு வலி குறைந்ததா, நாற்காலியை மாற்று மாற்று என்று நானும் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது, கேட்டால்தானே. உன் தங்கைக்கு ஒருவழியாக மாற்றல் கிடைத்துவிட்டது, புது ஆஸ்பத்திரி நடந்தே போகிற தூரம், அதனால் குழந்தை பள்ளி விட்டு வரும்போது வீட்டில் ஆள் இருக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்றே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார். அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது, வலது காலைப் போன மாதத்தைவிட நன்றாகத் தூக்கி வைக்கிறார், மைதானத்தை ஒரு சுற்று சுற்ற முன்பு முப்பது நிமிடம் ஆகும், இப்போது இருபத்திரண்டு. இதையெல்லாம் போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் போன் வந்தாலே அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். நான் சொல்லப்போவது அவர் காதில் விழக்கூடாது. இப்போதும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் பக்கவாதம் வந்ததிலிருந்து எழுத்தெல்லாம் அவர் கண்ணுக்குக் கலைந்து போகிறது, ஒரு வரிக்கு மேல் படிக்க முடிவதில்லை, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நானும் கணக்கு டீச்சரும் நகராட்சி வார்டு அலுவலகத்துக்குப் போனோம். அவரைத் தெரியும்தானே, ஏழாவதில் உனக்குக் கணக்கு எடுத்தவர், இப்போது காலையில் என்னோடு நடக்கிறவர். ஊரில் எல்லோரையும் ஓட வைக்க, ஆட வைக்க, உடம்பை அசைக்க வைக்க நகராட்சி பத்து வருடத்துக்கு ஒரு திட்டம் போட்டிருக்கிறது, நம் மைதானமும் அதில் வருகிறது, பொதுமக்கள் வந்து படித்துப் பார்த்து இருபதாம் தேதிக்குள் கருத்துச் சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சந்தோஷமாகத்தான் போனோம். பின்பக்க மூலையில் ஒரு விளக்கு வரும், பெண்களுக்கு ஒரு கழிப்பறை வரும், அப்பா பிடித்துக்கொண்டு நடக்க ஓரமாக ஒரு கைப்பிடிக் கம்பி கேட்கலாம் என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கூட எடுத்துப் போனேன். தடித்த புத்தகம். முதல் பக்கத்தைத் திருப்பினால் அறிக்கை தயாரித்தவர்கள் என்று போட்டு மூன்றாவதாக உன் பெயர், உன் படிப்பெல்லாம் பின்னால் போட்டு. இரண்டு தடவை படித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இது என் பையன் சார் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். கண்டக்டர் வேலையில் இருபத்தாறு வருடம் பஸ்ஸில் நின்றே காலம் தள்ளியவளுக்கு அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது அன்றைக்குத்தான். அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருந்து ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். அந்த நாற்காலியில் நான் சுகமாக உட்கார்ந்திருந்தது ஒரு பத்து நிமிடம் இருக்கும்.

டீச்சருக்குப் புத்தகம் கிடைத்தால் நேரே அட்டவணைக்குத்தான் போவார். முப்பத்தொன்றாம் பக்கத்தை விரலால் தட்டி என் பக்கம் தள்ளினார். நம் மைதானத்தின் கணக்கு. காலை ஆறு முதல் ஏழரை வரை பெண்கள் பூஜ்யம், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பூஜ்யம், இடம் பயன்பாட்டில் இல்லை. அதனால் நாம் நடக்கிற சுற்றுப்பாதையை எடுத்துவிட்டு அங்கே வண்டி நிறுத்துமிடமும் உடை மாற்றும் அறையும், நடுவில் உயரமான வலை கட்டிச் செயற்கைப் புல் போட்ட இரண்டு ஆடுகளம், செல்போனில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரி. இப்பகுதிப் பெண்களிடம் உடற்பயிற்சியில் ஆர்வம் குறைவு, எனவே விழிப்புணர்வு முகாம் நடத்தித் தொப்பி வழங்கலாமாம். யாருக்குடா தொப்பி? மழை தூறினால்கூட வருகிற இருபத்தாறு பெண்களுக்கா? ஓடுகிற பஸ்ஸில் நெரிசலுக்கு நடுவே ஒரே பார்வையில் அறுபத்திரண்டு தலை என்று சொன்னால் அறுபத்திரண்டுதான் இருக்கும், அப்படி ஆள் எண்ணியவள் நான். இருபத்தாறு பெண்கள், அப்பாவையும் சேர்த்தால் இருபத்தேழு.

அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். மாசி மாதக் கடைசியில் கையில் எண்ணும் கருவியோடு தொப்பைக்காரர் ஒருவர் வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யார் எவர் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, போகிற வருகிற பெண்களை மேலும் கீழும் பார்த்து டிக் டிக் என்று அமுக்கத் தயாராக இருந்தார். எங்களோடு நடக்கிற தையல்காரி முதலில் கவனித்துவிட்டு, யாரு அக்கா அந்த ஆளு, நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கான் என்றாள். அவ்வளவுதான், எல்லோரும் மதில்மேல் உட்கார்ந்துவிட்டோம். ஒருத்தி வராத போனைக் காதில் வைத்துப் பேசினாள், ஒருத்தி செருப்பில் கல் புகுந்ததுபோல் அரைமணி நேரம் செருப்பையே தட்டினாள், நான் எழுந்து குழாயடியில் போய் நின்றேன், நான் நின்றால் அப்பாவும் நின்றுவிடுவார். மூன்று நாள் வந்தார், மூன்று நாளும் இதே கூத்து, நடக்காதவர்களை அவர் எண்ணவில்லை. நாலாம் நாள் அவர் வரவில்லை, நாங்கள் வழக்கம்போல் நடந்தோம். எங்கள் முட்டாள்தனம்தான், நான் மறுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இதை நான் உனக்குப் போனில் நடித்தே காட்டினேன், நீ இருமல் வரும் அளவுக்குச் சிரித்தாய். எல்லாரும் உக்காந்துட்டா அந்த ஆளு பாவம் எதைம்மா எண்ணுவாரு என்று கேட்டாய். கேட்டாயா இல்லையா?

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெரியாமல் செய்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை விடாமல் கூப்பிட்டாய். எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எந்தக் கதவு வழியாக, யார் யார் வருகிறார்கள், சாயங்காலம் பையன்கள் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாய். முன்பெல்லாம் மாதம் ஒருமுறை, அதுவும் மூன்று நிமிடம் பேசுகிறவன் முக்கால் மணி நேரம் பேசினான். பிள்ளைக்கு நம்மேல் இவ்வளவு அக்கறை வந்துவிட்டதே என்று நான் பூரித்துப்போனேன், ஞாயிற்றுக்கிழமை போன் வரும் என்று மற்ற வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ அம்மாவோடு பேசவில்லை, வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் பையன்கள் விளையாடுகிற கணக்கு நான் சொன்னபடியே முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, உள்ளூர்த் தகவல் என்று போட்டிருக்கிறாய். நான் சொன்னதில் உனக்கு வேண்டியது மட்டும் தகவல், வேண்டாதது சிரித்துவிட்டு மறந்துவிடுகிற கதை, அப்படித்தானே? முறைப்படி எண்ணியதைத்தான் போட முடியும், மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்று நீ சொல்வாய். ஒரு பெண்ணை அனுப்பி இன்னொரு நாள் எண்ணச் சொல்லியிருக்கலாமே. அம்மா, அடுத்த தடவை உட்காராதீங்க என்று ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாமே. திரும்பி வரும் வழியில் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்திருக்கும். அவர், தெரியாம போட்ட முட்டையும் எனக்குத் தெரியும், தெரிஞ்சே போட்ட முட்டையும் எனக்குத் தெரியும் என்றார். பிறகு, முதல் பக்கத்த நான் பாக்கவே இல்ல, சரியா என்றார். என் பிள்ளைக்காக ஒருத்தர் பொய் சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

பாதை போகப்போகிறது என்று அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன், யார் எழுதியது என்று சொல்லவில்லை. அவர் அசரவே இல்லை. மறுநாள் மைதானத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, யாரும் பயப்படாதீங்க, என் பையன் இந்த மாதிரி திட்டம் போடுற வேலையிலதான் இருக்கான், அவன்கிட்ட சொன்னா ஒரே நாள்ல சரி பண்ணிருவான் என்று சொல்லிவிட்டார். வாய் கோணினாலும் அதை மட்டும் தெளிவாகச் சொன்னார். தையல்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் குனிந்துகொண்டு செருப்பைச் சரிசெய்தேன். அன்றிலிருந்து தினமும், அவனுக்கு எழுதிட்டியா எழுதிட்டியா என்று நச்சரிக்கிறார். இப்போதும் நான் உன்னிடம் உதவி கேட்டு எழுதுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குள் பத்தடி வராந்தாவில் நடந்து அந்தக் கால் தேறாது என்று டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் அன்றைக்குக் கூட இருந்தாய்.

நாங்கள் மறுப்பு மனு எழுதியிருக்கிறோம். டீச்சர்தான் வாசகம் சொன்னார், இருபத்தாறு பெண்களும் கையெழுத்துப் போட்டாயிற்று, அப்பாவும் இடது கையால் போட்டார். எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு நான் சேர்த்த ஒரு வரி மட்டும் பென்சிலில் இருக்கிறது. இந்தக் கணக்கு தவறு என்பது அறிக்கை தயாரித்தவருக்கு முன்பே தெரியும், சொன்னவள் அவர் தாய். அந்த வரி இல்லாவிட்டால் மனுவுக்கு உயிர் இல்லை, மூன்று நாள் எண்ணிய கணக்கை நாலு கையெழுத்து மாற்றாது என்கிறார் டீச்சர். அந்த வரி இருந்தால் உன் வேலை என்னாகும் என்று எனக்குத் தெரியும். நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பற்றி வெளியே ஒரு சொல் குறைவாகச் சொன்னதில்லை நான். இருபதாம் தேதிக்குள் நீயே நகராட்சிக்கு எழுதி அந்தப் பூஜ்யத்தைத் திருத்தினால் நான் ரப்பரை எடுத்து அழித்துவிடுவேன், நமக்குள் இது முடிந்தது, அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. இல்லாவிட்டால் அதன்மேல் பேனாவால் எழுதி நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கோபத்தில் எழுதினாலும் உனக்குக் கெடுதல் நினைக்க எனக்கு வராது. நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல், மனசறியப் பொய் சொல்லத் தேவைப்படாத நல்ல வாழ்க்கை வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, மறந்துவிடாதே. அப்பா தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறார், தாளை மடித்துக் கீழ்ப்பகுதியை மட்டும் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
நீ எண்ணாமல் விட்ட இருபத்தேழு பேரில் ஒருத்தி,
உன் அம்மா

தம்பி, எல்லாரிடமும் உன் பேரைச் சொல்லிவிட்டேன். பார்த்துக்கொள். அப்பா.