எடுக்கச் சொன்ன பன்னிரண்டு பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பாவின் முட்டிவலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். என் கை முழுக்கப் பசை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள், நடுநடுவே என் வாக்கியத்தைத் திருத்தவும் செய்கிறாள், நானும் விட்டுவிட்டேன். அப்பா பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை, கேட்டால் "உட்கார்ந்தா துருப்பிடிச்சுரும்" என்கிறார்.

உன் பழைய பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள் இந்த வருடமும் பைண்டிங்குக்கு வந்திருக்கின்றன. பள்ளியே கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் புத்தகங்கள்தானே, நீ படித்த அதே அறிவியல் புத்தகம் நாற்பது. இந்த முறை தலைமையாசிரியை நேரில் வந்து, உடல் வளர்ச்சிப் பாடம் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டுத் தைத்துக் கொடுக்கச் சொன்னார். சில பெற்றோர் வந்து சத்தம் போட்டார்களாம். "எப்படியும் யாரும் நடத்துறதில்லக்கா, அந்தப் பாடம் வந்தாலே சாருக்குத் தொண்டை கட்டிக்குது" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். ஆனால் புத்தகத்தை மூடிவைத்து ஓரத்தைப் பார்த்தால் பிள்ளைகள் அதிகம் புரட்டிய இடம் விரல் அழுக்கில் கறுத்த கோடாகத் தெரியும், அது உனக்கும் தெரியும். நாற்பதிலும் கோடு ஒரே இடத்தில் இருந்தது, யாருமே நடத்தாத அந்தப் பாடத்தில். இத்தனை வருடம் அட்டையும் முதுகும்தான் என் வேலை என்று இருந்தவள், அன்றைக்குத்தான் உள்ளே பிரித்துப் படித்தேன். ஓரமெல்லாம் கேள்விகள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் குழந்தை பிறக்குமா என்று ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது, கீழே இன்னொன்று, ஆமாம், என் சித்தி சொன்னாள் என்று பதில் எழுதியிருக்கிறது. உடைந்த குரல் எத்தனை நாளில் சரியாகும் என்று ஒரு பையன். சிரித்துக்கொண்டேதான் புரட்டினேன், இருபத்தேழாவது புத்தகம் வரை. அதில் உன் கையெழுத்து. வால் சுருட்டிய அந்தக் 'க'வை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். ரத்தம் வருகிறது, எனக்கு மட்டுமா, என்று கேட்டிருந்தாய். அதன் கீழே யாரோ பச்சை மையில், எனக்கும்தான், பயப்படாதே, என்று எழுதியிருந்தாள்.

அந்த வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ சரியாகச் சாப்பிடவில்லை, உன் துணியை நீயே துவைத்துக்கொண்டாய். பொறுப்பு வந்துவிட்டது என்று உன் அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். நீ பயந்துபோயிருந்தாய் என்பது தெரிய எனக்கு இத்தனை வருடமும் ஒரு பழைய புத்தகமும் வேண்டியிருந்தது.

மறுநாள் அந்தப் புத்தகத்தோடு பள்ளிக்கூடம் போனேன். தையலுக்கு இந்தப் பக்கத்துத் தாளும் அந்தப் பக்கத்துத் தாளும் ஒரே மடிப்பு, ஒன்றை உருவினால் ஜோடியும் கழன்றுவிடும், வளர்ச்சிப் பாடத்தை எடுத்தால் செரிமானப் பாடமும் கூடவே வந்துவிடும் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு உன் கையெழுத்தையும் கீழே இருந்த பச்சை மையையும் காட்டி, இது என் மகள் கேட்ட கேள்வி, நான் சொல்ல வேண்டியதை யாரோ ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது என்றேன். அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி ஓரத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசியில், "முழுசாவே தைச்சிருங்க. சத்தம் போட்டவங்ககிட்ட நான் பேசிக்கறேன். ஆனா இதுக்கெல்லாம் பதில் யாரு சொல்றது, உங்க நர்ஸ் பொண்ணு எழுதித் தருவாளா" என்று கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். தங்கை கேள்விகளை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி இணைத்திருக்கிறாள். கடைசி நான்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, யாருடையவை என்று நான் கேட்கவில்லை. நான் "அது" என்று சொன்ன ஓர் இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, எதும்மா என்று என் முகத்தையே பார்த்தாள். மாதவிடாய் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவளிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது இன்றைக்குத்தான். ஒன்றும் இடிந்து விழவில்லை, பசைதான் கொஞ்சம் காய்ந்துவிட்டது.

நிதானமாக எழுது, பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுது, சாருக்குத் தொண்டை கட்டாத மாதிரியும் எழுது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை பட்டவர்கள் எல்லோரும் குணமாக வேண்டும். அந்தப் பச்சை மைக்காரி யார் என்று உனக்குத் தெரிந்தால் மறக்காமல் சொல். நான் அவளைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுதியது தங்கை. கடைசி நான்கும் என்னுடையவை, அவற்றுக்கு முதலில் பதில் போடு.)