மீகடத்தியும் அரைப் புள்ளியும்

1966

மார்ச் 4, வெள்ளி

காலையிலேயே வெயில். பேனாவில் மை கசிவு. கல்லூரி வரை பஸ்ஸில் நின்றபடி.

கட்டுரையைத் தட்டச்சுக்குக் கொடுக்கச் சொன்னார் பேராசிரியர். செவ்வாய் தபாலில் போக வேண்டும். ஆராய்ச்சி மாணவனாகச் சேர இடம் கேட்டு என் விண்ணப்பமும் அதோடுதான். இடம் இல்லையென்றால் பினாங்கு, மாமா கடை. அப்பா, எங்கள் வழக்கில் அப்பச்சி, முடிவாகச் சொல்லிவிட்டார்: "படிச்சது போதும்."

எனக்கே ஒரு முறை, சுருக்கமாக. கடுங்குளிரில் சில உலோகங்களில் மின்தடை அறவே இல்லை. மீகடத்தி. காரணம், எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்வது. வழக்கமான ஜோடி கோலாட்டம் போல. காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் இவள் இடத்தில் அவள், அவள் இடத்தில் இவள், ஆட்டம் அதே. நான் தேடுவது வேறு. செக்கு மாடு போல ஒரே பக்கமாகச் சுற்றும் ஜோடி. பின்னோக்கி ஓட்டினால் எதிர்ப்பக்கம் சுற்றும். அது வேறு ஜோடி. எந்த உலோகத்திலும் இன்னும் யாரும் பார்த்ததில்லை.

என் கணக்குப்படி, உலோகத்தில் சாதாரண அழுக்கு இருந்தாலும் இந்த ஜோடி உடையாது. அப்படியானால் எங்கும் தேடலாம். சந்தோஷம். கொஞ்சம் பயம்.

வாங்க: மை, பிளேடு, சித்திக்குத் தலைவலித் தைலம்.

மார்ச் 6, ஞாயிறு

புழுக்கம். தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

கோயிலிலிருந்து கணக்கப்பிள்ளை வந்தார், வரிக்குப் புள்ளி எழுத. எங்களவர்களிடம் ஆள் எண்ணும் வழக்கம் இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கணவனை இழந்தவள் அரைப் புள்ளி. கல்யாணமாகாதவன் எதிலும் இல்லை.

"எத்தன புள்ளி அய்யா?"

"நாங்க ஒண்ணு. தம்பி வீட்டுக்கு அரை," என்றார் அப்பச்சி.

தம்பி வீடு என்றால் சித்தி. சித்தப்பா மலேயாவில் இறந்தபின் இதே வீட்டில் தனி அடுப்பு வைத்துத் தனியாக.

நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. சித்தி விடவில்லை.

"என்னடா சிரிப்பு? நானாச்சும் பாதி இருக்கேன். நீ கணக்குலயே இல்ல."

"சரியாச் சொன்னீக ஆச்சி," என்று கணக்கப்பிள்ளையும் சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீக. அதென்ன அரை? அவுக பாதியா, என் பாதியா? ரெண்டும் ஒண்ணா? அவுகளுக்குக் காரமே ஆகாது. எனக்குக் காரமில்லாம எறங்காது."

நான் உள்ளே போய்க் கணக்குத் தாளை எடுத்தேன்.

எலெக்ட்ரான் சிதறும் எல்லாத் திசைகளையும் நான் கூட்டவில்லை. பாதித் திசைகளைக் கூட்டி இரட்டித்திருக்கிறேன். வழக்கமான ஜோடிக்கு அது சரி, எதிர்த்திசையிலும் அதே மதிப்பு. என் ஜோடிக்கு எதிர்த்திசையில் குறி மாறும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு பாதி போலத்தான் மறுபாதி என்று எண்ணிப் பழகிய கை.

மாலை. முழுதும் கூட்டினேன். ஜோடியைக் காப்பாற்றும் என்று நம்பிய தொகை பூஜ்யம்.

அழுக்கில் மோதும் எலெக்ட்ரான் எல்லாத் திசைக்கும் சிதறும். கூட்டலும் கழித்தலும் கலந்து அழியும். சாதாரண அழுக்கே இந்த ஜோடியை உடைத்துவிடும்.

சித்தி சொன்னதற்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

மார்ச் 7, திங்கள்

பேராசிரியர் திருத்திய தாளை வாங்கிப் படித்தார். "தட்டச்சு முடிஞ்சிருச்சேப்பா."

"தப்பு சார்."

"இப்படியே போனா உனக்கு இடம் உறுதி. மாத்தினா, அவ்வளவு சுத்தமான உலோகத்துக்கு எங்க போறதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

கண்ணாடியைத் துடைத்தார். மாட்டினார். "சரி. திருத்தி ரெண்டு பக்கத்துக்குள்ள எழுது."

ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

மார்ச் 8, செவ்வாய்

வானம் மூட்டம், மழை இல்லை. தைலம் வாங்கியாயிற்று.

சித்தி முகர்ந்து பார்த்து, "என்ன எழுதுன?" என்றாள்.

"அந்த ஜோடி லேசா அழுக்கு இருந்தாலே உடஞ்சிரும்னு."

"இதுக்கா இம்புட்டுப் படிப்பு? என்னக் கேட்டா சொல்லிருப்பேனே." பிறகு, குரல் இறங்கி: "அழுக்கே இல்லாத எடத்துல?"

"உடையாது சித்தி."

"அப்ப அதயும் எழுது."

எழுதியிருக்கிறேன். கடைசி வரி அதுதான்.

என்னை அனுப்புவதாக அப்பச்சி பினாங்கு மாமாவுக்குக் கடிதம் எழுதி முடித்திருந்தார். "தபாலுக்குத்தான போற? இதயும் போட்டுரு."

இரண்டு உறைகளையும் ஒரே பெட்டியில் போட்டேன்.