மூன்று சிலுவை வளைவு

ஆல்ட்டோ பெனி,
அக்டோபர் 9, 1963

அன்புள்ள பாசிலியாவுக்கு இலாரியோன் எழுதுவது.

நீயும் கைப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்று ஊரிலிருந்து வந்த சில்வெஸ்த்ரே சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. பையனுக்கு அப்படியே என் மூக்காம். பாவம், தப்பிக்க முடியவில்லை போலிருக்கிறது. இங்கே நாங்களும் நலம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அது பொய். நம் மகள் செனோபியா நலமாக இல்லை.

மார்த்தினியானோ மச்சான், இதை உங்கள் தங்கச்சிக்குப் படித்துக் காட்டப் போகிறவர் நீங்கள்தான். நடுவில் ஓர் இடம் வரும். என் மானத்தை நினைத்து அங்கே நீங்கள் வரியை விழுங்கிவிடக் கூடாது. எழுதியிருக்கிறபடியே படியுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றதை எழுதக் கை வரும். குடியேற வந்தவர்களுக்கென்று சர்க்கார் ஆட்கள் பன்னிரண்டு ஹெக்டேர் காட்டு நிலத்தை நம் பேருக்கு அளந்து கழி நட்டுவிட்டார்கள். கறுப்பு மண், தோண்டாமலே ஈரம். நம் ஊர் வழக்கப்படி உருளைக்கிழங்கு போட்டேன், பத்தே நாளில் அழுகி நாறிவிட்டது. நெல் விதைக்கச் சொல்கிறார்கள். வீடு கட்டினேன் பார், அதுதான் பெரிய கூத்து. நம் மேட்டுநிலத்தில் கட்டுகிற மாதிரியே தடித்த மண்சுவர், குனிந்து நுழைகிற வாசல், ஜன்னலே கிடையாது. குளிர் உள்ளே வந்துவிடக் கூடாதாம், இந்த வேக்காட்டில்! பக்கத்து மனைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன மாமா, அடுப்புக்குள்ளயே குடித்தனமா, ரொட்டி வெந்துருச்சான்னு கேட்டுச் சிரிக்கிறான். மறுநாளே சுவரை இரண்டு இடத்தில் உடைத்துவிட்டேன்.

இனி செனோபியா. வீட்டிலிருந்து கிளம்பும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள், இங்கே வந்து இறங்கியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டரை மாதம் ஆகிறது. சோற்றை ஊட்டினால் விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கிறாள். தூக்கத்தில் கண் பாதி திறந்தே இருக்கிறது, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். நர்ஸ் பூச்சி மாத்திரை கொடுத்தாள், காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள், ரத்தம் எடுத்துப் பார்த்தாள். உடம்புல ஒண்ணும் இல்லீங்களேன்னு கையை விரித்துவிட்டாள். உடம்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரியும், பாசிலியா. பிள்ளையின் ஆன்மா பயந்துபோய் வழியிலேயே நின்றுவிட்டது.

எந்த இடம் என்றும் தெரியும். யுங்காஸ் மலை இறக்கத்தில், அருவித் தண்ணீர் ரோட்டின் மேலேயே கொட்டுகிற வளைவு. ஓரத்தில், அங்கே விழுந்து செத்தவர்களுக்காக மூன்று சிலுவை நட்டிருக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம். எங்கள் லாரியில் பதினோரு குடும்பம், மூட்டைகள், கோழிகள், ஒரு தையல் மிஷின். மூட்டைகளின் உச்சியில் நான், என் மடியில் செனோபியா. எதிரே பலகை ஏற்றிய லாரி ஒன்று முக்கிக்கொண்டு ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும், அதனால் எங்கள் டிரைவர் பின்னால் எடுத்தான். பின்சக்கரம் ஓரத்து மண்ணைப் பெயர்த்துக்கொண்டு கீழே இறங்கியது. லாரி சாய்ந்தது. குதிங்கடான்னு யாரோ கத்தினார்கள்.

மச்சான், இந்த இடம்தான்.

நான் குதித்தேன். பிள்ளையை மடியிலிருந்து தள்ளிவிட்டுக் குதித்தேன். எல்லோரும்தான் குதித்தார்கள், ஆனால் அவரவர் பிள்ளை அவரவர் கையில் இருந்தது. ஒருத்தி கோழியைக்கூட விடவில்லை. பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், அந்த உச்சியில் அவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழவில்லை. அதற்குள் டிரைவர் எப்படியோ வண்டியை மேலே ஏற்றிவிட்டான். கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஓடிப்போய் இறக்கினேன், கை சில்லிட்டுப் போயிருந்தது.

அங்கேயே, அப்போதே, அவள் தொப்பியைக் கழற்றிக் காற்றில் ஆட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து அவள் நாக்கில் வைத்திருக்க வேண்டும். நம்மில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத காரியம். நான் செய்யவில்லை. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே வந்து மூன்று செவ்வாய்க்கிழமை ஆற்றங்கரையில் நின்று, மலையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். கோகா இலை வைத்தேன், மிட்டாய் வைத்தேன், மண்தாய்க்குச் சாராயம் ஊற்றினேன். வரவில்லை. எங்கள் லாரியில் வந்த எவரிஸ்தா அம்மாள் கோகா இலை போட்டுக் குறி பார்த்துவிட்டு முகத்துக்கு நேரே சொன்னாள். விட்டுட்டு ஓடுனவன் கூப்பிட்டா எந்தப் பிள்ளைடா வரும், பெத்தவளை அந்த வளைவுலயே வந்து நின்னு கூப்பிடச் சொல்லு என்றாள். அதுவும் மரித்தோர் நாளுக்கு முந்தி நடக்கணுமாம். அன்னைக்கு அந்தச் சிலுவைக்காரங்க மூணு பேரும் அவங்கவங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்புவாங்க, தனியா நிக்கிற பிள்ளையைக் கண்டா சும்மாவா விடுவாங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாங்க என்றாள். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அன்றிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ரோட்டில் உன்னையும் பச்சைப்பிள்ளையையும் வரச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. மேலே மழை பிடித்துவிட்டது, மண் சரிகிறது என்கிறார்கள். வா என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனால் நேற்று அவள் தண்ணீரையும் விழுங்கவில்லை, பாசிலியா.

ஊருக்குத் திரும்புகிற சில்வெஸ்த்ரேயிடம் இந்தக் கடிதத்தோடு, அவள் அன்றைக்குப் போட்டிருந்த கம்பளித் தொப்பியைக் கொடுத்திருக்கிறேன். அவனோடு புறப்படு. வளைவுக்கு முந்தியே லாரியை நிறுத்தச் சொல். டிரைவர் என்ன ஏசினாலும் சரி, இறங்கி நட. பையனை முதுகில் இறுக்கிக் கட்டி முகத்தை மூடிக்கொள், அவன் அந்தப் பள்ளத்தைப் பார்க்கக் கூடாது. தொப்பியைக் காற்றில் ஆட்டிக் கூப்பிடு. வாடி செனோபியா, போகலாம், இங்கயே இருந்துடாதேன்னு கூப்பிடு. அப்பா கூப்பிடுறாருன்னு மட்டும் சொல்லிவிடாதே. அம்மா வந்திருக்கேன்னு சொல். பிறகு அவள் ஆன்மா வந்து ஏறிய தொப்பியை மார்போடு பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடு.

அரை வயிறு சாப்பிட்டாலும் நான் பொறந்த மேட்டுலயே கிடக்கேன்னு நீ அன்றைக்கு அழுதாய். காட்டைக் காட்டி ஆசை வார்த்தை பேசிப் பிள்ளையைக் கூட்டி வந்தவன் நான். இதைக் கேட்ட பிறகு என் முகத்தில் விழிக்க உனக்குப் பிடிக்காது. பிடிக்க வேண்டாம். வளைவு வரைக்கும் வந்தால் போதும். தொப்பியைச் சில்வெஸ்த்ரே கையில் இங்கே கொடுத்தனுப்பிவிட்டு, எதிரே வருகிற லாரியில் ஏறி ஊருக்குத் திரும்பிவிடு. அவளுக்குப் பேச்சு வந்ததும் நானே உன்னிடம் கொண்டுவந்து விடுகிறேன். அந்த வளைவில் அவளை இறக்கி நடத்தித்தான் கூட்டி வருவேன். கையை விட மாட்டேன்.

வருகிற வழியில் மண்தாய் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
இலாரியோன்