கருப்பணார் பெயரில் ஒரு கட்டளை

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். நாமக்கல் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தும் பயனில்லை, வந்ததெல்லாம் அனல்.

ஆபீஸில் கூச்சல். லாரி புக்கிங் செயலி சனிக்கிழமை மதியம் மொத்தமாகக் காணாமல் போனது. அது ஓடும் கிளஸ்டரில், அதாவது நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கணினிக் கூட்டத்தில், யாரோ அழிக்கும் கட்டளையை அடித்திருக்கிறார்கள். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மீட்டேன். அடித்தது யாரென்று பார்த்தேன். கருப்பணார்.

முதலாளியின் குலதெய்வம். லாரிகளின் நெற்றியில் எல்லாம் அவர் பெயர்தான். கிளஸ்டருக்குப் பூஜை போட்ட அன்றே, உள்ளே நுழையும் பயனர் பெயரும் அதுவே ஆயிற்று. பிறகு சேர்ந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரில் நுழையும் அதே கோப்பு, பென் டிரைவில். இங்கே கட்டளை அடிக்கும் எல்லாருமே கருப்பணார்.

பக்கத்து சீட் கதிர்: "கேஸ் போடறதுன்னா கெடா வெட்டித்தான் போடோணும்."

முதலாளி சிரிக்கவில்லை. எல்லார் முன்னாலும் ஸ்டெல்லாவைப் பிடித்தார். சூரமங்கலத்துப் பெண், கடைசியாகச் சேர்ந்தவள். வேலை உறுதியாவது இந்த வெள்ளி.

"சனிக்கெழம மத்தியானம் சீட்டுல இருந்தது நீ ஒருத்திதானேம்மா?"

"டிபன் பாக்ஸைத்தான் சார் தொறந்தேன்."

"எவ்வளவு திமிருங்க பாருங்க! வெள்ளிக்கெழம பேசிக்கலாம்."

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். மழை வருவதாகப் பேச்சு மட்டும்.

முதலாளி உத்தரவு: ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு டோக்கன், அதாவது நுழைவுச் சாவி, பழைய பெயர் ஒழிய வேண்டும். எழுத்தில் எளிது.

யோசனை. பலர் ஒரே பெயரில் வேலை செய்தால், நல்லது நடந்தால் அந்தப் பெயர் முதலாளியுடையது. கெட்டது நடந்தால் கடைசியாகச் சேர்ந்தவருடையது. இதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. ஆனால் எனக்கு இத்தனை வருடம் உறைக்கவில்லை, கணினியோடு இருந்ததால்.

செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

முதலில் ஸ்டெல்லாவின் கணினி. அவள் பெயரையும் டோக்கனையும் கட்டளைக் கருவியில் ஏற்றினேன். "நான் யார்?" என்று கிளஸ்டரையே கேட்க ஒரு கட்டளை உண்டு. அடித்தாள்.

கருப்பணார் என்றது.

"அண்ணா, இதுவும் என்னை நம்பலை."

தவறு என்னுடையது. புதுப் பெயரை ஏற்றினால் மட்டும் போதாது. இனி அந்தப் பெயரில்தான் உள்ளே போக வேண்டும் என்று தனியாகச் சொல்லவும் வேண்டும். இல்லாவிட்டால் கருவி பழைய பெயரிலேயே போய்க்கொண்டிருக்கும். சொன்னேன். மறுபடி கேட்டாள். ஸ்டெல்லா என்றது. திரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழம அனுப்பிட்டா இதையும் அழிச்சிருவீங்கல்ல?"

அழிக்கத்தான் வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

கடைசியாக முதலாளியின் லேப்டாப். லாரிகள் ஓடுவதைத் தானும் பார்க்க வேண்டுமென்று அவரும் அந்தக் கோப்பில் ஒரு காப்பி வாங்கியிருந்தார். பழைய பெயரை எடுக்கப் போனேன். கையில் டீயோடு பதறினார்.

"ஏனுங்க, அதயக் கழட்டிப்போடாதீங்க. அவசரத்துக்கு ஆவுதுங்க."

"எதுக்குங்க?"

"சனிக்கெழம இது தொறக்காம சுத்திக்கிட்டே நின்னுதுங்க. போன்ல அந்த ஏஐகிட்டக் கேட்டேன். பழசெல்லாம் தொடைக்கறதுக்கு ஒரு வரி குடுத்துச்சு. அடிச்சேன். ஒண்ணுமே ஆவல. மூடி வெச்சுப்போட்டு ஊட்டுக்குச் சோத்துக்குப் போயிட்டேன்."

"வந்து பார்த்தப்ப?"

"வந்து பாத்தா எவனோ மொத்தத்தையும் அழிச்சுப்போட்டான்."

சொன்னேன். லேப்டாப்பை மூடிய பிறகும் அந்த வரி உள்ளே துடைத்துக்கொண்டே இருந்தது, அந்த எவனோ அவர்தான் என்று. மனுஷன் பொய் சொல்லவில்லை; நிஜமாகவே தெரியாது. நிஜமாகவே கோபப்பட்டும் இருக்கிறார். அதுதான் கஷ்டம்.

"அப்ப அந்தப் புள்ள?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுங்க."

"வேலய உறுதி பண்ணிப்போடலாமுங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்."

"அந்தப் பொண்ணு கேட்டா நான் சொல்லிருவேனுங்க."

சாயங்காலம் கேட்டாள். சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

தூறல். மண் நனையவில்லை.

காலையில் முதலாளி ஸ்டெல்லாவை அறைக்குள் கூப்பிட்டு உறுதிக் கடிதத்தை நீட்டினார். கதவு திறந்தே இருந்தது. அவள் வாங்கவில்லை.

"திட்டினது வெளிய வெச்சு சார். லெட்டர் மட்டும் ரூமுக்குள்ளயா?"

கதிர் தட்டுவதை நிறுத்தினான். வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளி வெளியே வந்தார். எல்லாரையும் எழுந்து வரச் சொன்னார். தொண்டையைச் செருமினார். சுவரைப் பார்த்துச் சொன்னார், ஆனால் கேட்கும்படி சொன்னார்:

"அன்னிக்கு அழிச்சது நானுங்க. அந்தப் புள்ள இல்ல."

ஸ்டெல்லா கடிதத்தை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

மதியம் முதலாளி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னிடம் வரவில்லை, அவள் மேஜைக்குப் போனார்.

"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா. பாக்க மட்டும். அழிக்க ஆவாத மாதிரி."

"என்ன பேர் சார் போடறது?"

நின்று யோசித்தார். சொந்தப் பெயரைச் சொன்னார்.