கண் மூடிய தரிசனம்

கம்பளிக் குல்லாயில் தைல வாடை இன்னும் போகவில்லை. கோடைக்கானலில் நீங்கள் வாங்கிய யூகலிப்டஸ் தைலப் புட்டி பைக்குள் உடைந்து ஏறிய வாடை. தேனிலவுக்குப் புறப்பட்ட நம் மகளிடம் அதைக் கொடுத்தேன். "இப்ப யாரும்மா குல்லா போடுறா?" என்று கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனாள். இன்று விடியற்காலையில் அவள் பழனி அடிவாரத்திலிருந்து போனில் கூப்பிட்டபோது அது என் மடியில் கிடந்தது.

நாமும் பழனி மலை ஏறிவிட்டுத்தான் தேனிலவுக்குக் கோடைக்கானல் போனோம். அடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்த உங்கள் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள்: "புதுசாக் கட்டிக்கிட்டவங்க ஆண்டிக் கோலத்தப் பாக்கக் கூடாது. பாத்தா அந்தக் கோலம் நமக்கும் வந்துரும். சாயங்காலம் ராஜ அலங்காரத்துல பாத்துட்டுப் போங்க."

உங்களுக்குக் காலை பஸ்ஸை விட மனமில்லை. அம்மாவை மீறவும் மனமில்லை. வெள்ளனே எழுப்பிக் கூட்டிப் போனீர்கள். சன்னதி முன்னால், "கண்ண மூடிக்க, சரியாப் போச்சு" என்று சொல்லி நீங்கள் மூடிக்கொண்டீர்கள். நான் வரலாறு படித்தவள். இவ்வளவு படி ஏறி வந்து கண்ணை மூடுவானேன் என்று திறந்த கண்ணோடு பார்த்தேன். பின்னால் நின்ற ஒரு கிழவி, "ஏத்தா, புதுப்பொண்ணு, மூடு, மூடு" என்று என் தோளில் தட்டினாள்.

பஸ்ஸில் ஒரே சிரிப்பு உங்களுக்கு. "நான் பாக்கல. பாத்தது நீ. ஆண்டியா நிக்கப்போறதும் நீதான்." பெருமாள்மலை வரும்வரை, "எப்படித்தான் இருந்தாரு, சொல்லேன்" என்று கெஞ்சினீர்கள்.

"வேணும்னா கண்ணத் தொறந்திருக்கணும்" என்றேன்.

மறுநாள் பேத்துப்பாறையில் உங்களுக்குக் கல்திட்டைகளைக் காட்டினேன். இறந்தவர்களுக்காகப் பழங்காலத்தில் பலகைக் கற்களை நிறுத்தி மூடிய அறைகள். "தேனிலவுக்கு வந்து சமாதி பாக்குற பொண்ணு நீ ஒருத்திதான்" என்றபடி அதில் சாய்ந்து நின்று படம் எடுக்கச் சொன்னீர்கள். அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். அதைவிட நல்ல படம் உங்களுக்கு இல்லை.

மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம் காய்ச்சலென்று படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை. கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தபோது உங்கள் அம்மா என்னருகே வந்து மெதுவாகக் கேட்டார்கள்: "அன்னைக்கு நீ கண்ணத் தொறந்து பாத்தியா?"

"ஆமாத்தை."

அதன் பிறகு சாகும்வரை அவர்கள் என்னோடு பேசவில்லை.

ஒரு கோலத்தைப் பார்ப்பதால் யாரும் சாவதில்லை. அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான்.

"அம்மா, இப்பப் போனாக் கூட்டமில்லயாம்" என்றாள் மகள். "ஆனா ஆண்டிக் கோலமாம். லாட்ஜ்காரர் சாயங்காலம் போங்கங்கறாரு. அதெல்லாம் சும்மாதானம்மா?"

"சும்மாதான்."

"அப்ப ஏறட்டுமா?"

"ராத்திரியெல்லாம் பஸ்ல வந்திருக்கீங்க. தூங்கி எந்திரிச்சு சாயங்காலமே போங்க."

"நீயாம்மா சொல்ற?" சிரித்தாள். உங்கள் சிரிப்பு அப்படியே.

"தூங்குங்கன்னுதான் சொன்னேன்" என்று போனை வைத்தேன்.

எப்படி இருந்தாரென்று பஸ்ஸில் நீங்கள் கேட்டதற்கு நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை. அன்று பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பயப்பட அதில் ஒன்றுமில்லை. இடுப்பில் கோவணம், கையில் ஒரு தடி. பக்கத்தில் யாரும் இல்லை. அவ்வளவுதான்.