பத்தரை மணிக்கு வந்த மெடல்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் சின்னவளும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறாள். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. குளியலறைக் குழாய்தான் ஒழுகுகிறது. பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று டபாய்க்கிறார்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். கேட்க வந்ததைப் போனில் கேட்க முடியாது. அங்கே உங்கள் பக்கத்துக் கட்டிலில் என் தம்பி படுத்திருப்பான்.

நீங்கள் கிளம்பும் முன் இருவர் போனிலும் ஏற்றினோமே, அந்தக் குதிரை விளையாட்டு. நீங்கள் மெடல் வாங்கினால் என் போனிலும் காட்டும் என்பது மறந்துவிட்டதா? செவ்வாய்க்கிழமை, உங்கள் ஊர் நேரம் காலை பத்தரைக்கு, நீங்கள் வேலையில் இருக்கும் நேரம், நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். போன் டிங் என்றது.

எனக்கு இந்த மெடல்களே ஆகாது. கதவைத் திறந்தால் ஒன்று, குழியில் விழுந்தால் ஒன்று. விளையாட்டில் அந்த வெள்ளைக் குதிரை செத்து நான் கண் கலங்கி உட்கார்ந்திருந்தபோது, ‘முதல் இழப்பு’ என்று ஒரு மெடல் வந்ததே, இழவு வீட்டில் கை தட்டியது போல இருந்தது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “நாள் பூரா கிரேன்ல உக்காந்து இரும்பு தூக்கறேன். தப்பு நடந்தாத்தான் என் பேரு எல்லாருக்கும் தெரியும். நல்லா செஞ்சேன்னு சொல்றது இது ஒண்ணுதான்.” அதில் நியாயம் இருந்தது.

ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தது எந்த மெடல் தெரியுமா? ‘கண் இமைக்காதவர்’. பத்து நிமிடம் திரையை விட்டுக் கண் எடுக்காமல், குதிரையை எதிலும் முட்டாமல் ஓட்டினால்தான் கிடைக்கும். நானும் எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். அடுப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாலே போச்சு. கீழே கொக்கி காலியாக இருந்தது, சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லாதீர்கள். அன்று சாயங்காலம் தம்பி போனில், “காலைல இருந்து கம்பிக் கட்டு ஏத்திக்கிட்டே இருந்தோம்க்கா, மூச்சு விட நேரமில்ல” என்றான்.

கொக்கி மாட்டுகிறவன் அவன். நீங்கள் தூக்கும் பாரத்துக்கு அடியில் நிற்கிறவனும் அவன்தான். நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் என் அம்மா அவனை அங்கே அனுப்பினார். கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும்தான்.

அவனிடம் எதையும் சொல்லவில்லை. அவ்வளவு இரும்பு தலைக்கு மேலே போகும்போது பயமாக இல்லையா என்று மட்டும் கேட்டேன். சிரித்தான். “மாமா மேல இருக்கறப்ப எனக்கென்னக்கா பயம்? நான் அண்ணாந்துகூடப் பாக்கறதில்ல” என்றான்.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. இனிமேல் அண்ணாந்து பார் என்று நான் அவனிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டும் உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
சின்னவளின் அம்மா